நாற்பத்தேழாம் நம்பர் மூட்டை

“போக மாட்டேன்னா போக மாட்டேன் அத்தை. இந்தப் பேச்சை இதோட—”

“பேர் குடுத்தாச்சு. அங்க நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க—”

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“நாற்காலி காலியாக் கிடந்தா அசிங்கம் உனக்கில்ல, எனக்கு.”

“அப்ப நீங்களே போய் உட்காருங்க!”

“முப்பத்தஞ்சுலேர்ந்து அம்பது வரைக்கும்தான்னு போட்டிருக்கான். இல்லேன்னா உன்னை ஏண்டி கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன்?”

மருமகள் இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பி இரண்டு பேர் முகத்தையும் மறைத்தது.

“கோபத்தை என் மேல காட்டு. அது ஹோட்டல் மேஜை விரிப்பு. கருகினா அவன் நம்மளைச் சும்மா விடுவானா?”

சலவைக் கடைக்குப் பின்பக்கம்தான் அவர்கள் வீடு. நடுவில் கதவு கிடையாது. ஒரு பழைய திரைதான். முன்னால் இரண்டு பெரிய மெஷின்கள், ஓரத்தில் கறை எடுக்கிற கல்தொட்டி, சுவரை ஒட்டி நீளமாக இஸ்திரி மேஜை, தலைக்கு மேல் கம்பி கம்பியாகத் தொங்குகிற துணிகள். கடைசிக் கம்பிக்கு ‘ஆள் வராத கம்பி’ என்று பேர். கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணி அதில் வருஷக்கணக்காகத் தொங்கும். மாதம் ஒருமுறை மாமியார் அதையெல்லாம் இறக்கித் தூசி தட்டி மறுபடி மாட்டுவாள். “வருவாங்க. துணியை மறந்தவன் ஒருநாள் குளிர்ல நினைச்சுக்குவான்” என்பாள்.

மாமியார் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்தக் கடையைத் தொடங்கியவள். மகனும் மருமகளும் கூடவே நின்றார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் மகனைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து இரண்டு பெண்களும் நாலு கைகளும்தான். மருமகளுக்கு இப்போது நாற்பது.

சண்டைக்குக் காரணம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற சமூகக் கூடம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே தனியாக இருப்பவர்கள் கூடுகிறார்கள். பாட்டு, டீ, பிஸ்கட், குட்டிக் குட்டி மேஜைகள். ஒரு மேஜைக்கு இரண்டு பேர். ஏழு நிமிஷம் பேச வேண்டும். விசில் ஊதியதும் ஆண்கள் எழுந்து அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் விசில் சார். பேர் சொல்லக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். சட்டையில் குத்துகிற அட்டையில் தொழில் மட்டும்தான் இருக்கும். ‘பேரைக் கேட்டா ஊரைக் கேப்பீங்க, ஊரைக் கேட்டா உறவைக் கேப்பீங்க, ஏழு நிமிஷம் அதுலயே போயிடும்’ என்பாராம்.

“உடுத்திக்க நல்ல சேலைகூட இல்ல” என்று மருமகள் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டாள்.

“ஆள் வராத கம்பியில அந்தப் பச்சை—”

“அத்தை! அடுத்தவங்க துணியையா?”

“சும்மா சொன்னேன். உனக்குப் போகணும்னு இருக்கா இல்லையான்னு பார்த்தேன். போகப் பிடிக்காதவ சேலையைப் பத்திப் பேச மாட்டா.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பெட்டியைத் திருப்பிப் பிடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நான் இப்படிப் போய்… நாளைக்கு ஒண்ணு நடந்தா… நீங்க?”

“நான் என்ன, ஆள் வராத கம்பியில தொங்குற துணியா? என்னைக் கொண்டுபோக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோ. இல்லேன்னா விட்டுட்டுப் போ. எனக்குக் கடை இருக்கு. முதல்ல போய் ஒரு டீயாவது குடிச்சிட்டு வாடி.”

போனாள்.

முதல் மேஜையில் ரொட்டிக்கடைக்காரர். ஏழு நிமிஷமும் ஈஸ்ட் பற்றியே பேசினார். இரண்டாவது பஸ் கண்டக்டர். பாவம், எதிரே யாரும் நிறுத்தம் கேட்காததால் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக வந்தவர் உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அட்டையில் ‘லிப்ட் மெக்கானிக்’ என்று இருந்தது.

“என்ன, நாற்காலி தாங்குமான்னு பார்க்கிறீங்களா?”

“பழக்கம்ங்க. எது மேல ஏறினாலும் ஆட்டிப் பார்த்துட்டுத்தான் ஏறுவேன்.”

“விழுந்திருக்கீங்களா?”

“விழலை. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டிருக்கேன். உள்ள ஒரு கல்யாணப் பொண்ணும் நானும். பொண்ணு அழுது, நான் பாட்டுப் பாடி…”

“பாட்டு கேட்டு நிறுத்திட்டாளா?”

“பாட்டை நிறுத்துங்கன்னு சொல்லத்தான் அழுகையை நிறுத்தினா.”

மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. “நாள்பூரா கிரீஸ்தான் கையில?” என்று கேட்டாள்.

“எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணுல நிக்கும். சட்டைக் கையிலயும் ஒட்டிடும்.”

சட்டைக் கை என்றதும் கண் தானாகப் போயிற்று. வெளிர்நீலச் சட்டை. இடது கஃப்பின் ஓரத்தில் போகாத ஒரு சாம்பல் நிழல். அந்த நிழலை அவளுக்குத் தெரியும். எலுமிச்சையும் உப்பும் போட்டு மூன்று முறை தேய்த்திருக்கிறாள். பார்வை மேலே ஏறியது. மூன்றாவது பொத்தான். நீல நூல் தீர்ந்துபோய்க் கருநீலத்தில் தைத்தது அவள் கைதான். அவர் குனிந்து டீயை எடுத்தபோது காலர் விரிந்து உள்ளே மையில் போட்ட குறி தெரிந்தது. நாற்பத்தேழு.

நாற்பத்தேழாம் நம்பர் அடுத்த தெரு அடுக்குமாடியில் ஒரு வீட்டின் மூட்டை. அங்கே திங்கட்கிழமை எல்லா மூட்டையையும் காவல்காரர் அறையில் போட்டுவிடுவார்கள். மாமியார் தள்ளுவண்டியில் எடுத்து வந்து, வியாழக்கிழமை அங்கேயே கொண்டுபோய் வைப்பாள். மூட்டைக்குச் சொந்தக்காரர்களை இரண்டு பேருமே பார்த்ததில்லை. ஆனால் மருமகளுக்கு அந்த வீட்டைத் தெரியும். மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிற வீடு. ஒரு நர்ஸின் வெள்ளை உடுப்புகள். ஒரு சின்னப் பெண்ணின் பள்ளிச் சீருடை. வருஷா வருஷம் மடிப்பு இறக்கப்பட்டு நீளமாகிறது, பையில் தைத்த வகுப்பு எண்ணும் மாறுகிறது. ஒரு ஆணின் சட்டைகள். ஒருமுறை சட்டைப் பையில் நனையாமல் தப்பிய ஒரு காகிதம். குழந்தை வரைந்தது. நடுவில் தொப்பி வைத்த அம்மா, ஒரு பக்கம் ஏணியோடு ஒரு ஆள், மறுபக்கம் ஒரு குட்டிப் பெண். மருமகள் அதை வெதுவெதுப்பான பெட்டியால் நீவி, அதே பையில் திரும்ப வைத்தாள். அந்த மூன்று பேர் துணியையும் ஒன்றாகவே அலசுவாள். பிரித்துப் போட மனசு வராது. தனக்குக் கிடைக்காமல் போன ஒன்று எங்கேயோ நன்றாக இருக்கிறது என்கிற நிம்மதி அந்த மூட்டையில் இருந்தது.

“வீட்டுல எத்தனை பேர்?” குரல் மாறியிருந்தது.

“மூணு பேருங்க.”

“பொண்ணு மூணாம் வகுப்பு முடிச்சாச்சா?”

அவர் டீக்கோப்பையை வைத்தார். “நாலு போறா. உங்களுக்கு எப்படி…”

அவ்வளவுதான். அவள் எழுந்துவிட்டாள். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத நேரம். கூடம் முழுக்கக் கேட்டது.

“வெக்கமா இல்ல உங்களுக்கு? நர்ஸ் வேலை பார்க்கிற பொண்டாட்டி அங்க நோயாளிக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்கா. பெத்த பிள்ளை உங்களைப் படம் வரைஞ்சு பையில வச்சு அனுப்புது. நீங்க அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டு இங்க வந்து பாட்டுப் பாடுறீங்க! அந்தக் காலருக்குக் கஞ்சி போட்டவ நான்!”

விசில் சார் பதறிப்போய் விசிலை ஊதிவிட்டார். எல்லா ஆண்களும் எழுந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். அவர் மட்டும் நகரவில்லை. ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

திங்கட்கிழமை மழை. மழை நாளில் சலவைக் கடை ஈரத் தொழுவம் மாதிரி ஆகிவிடும். பின்பக்கக் கொடியில் எதுவும் காயாது. உலர்த்தும் மெஷின் ஒன்றுதான். அதற்கு முன்னால் துணிகள் வரிசையில் நிற்கும். மாமியார் ஈரப் போர்வையை ஒரு முனையில் பிடிக்க, மருமகள் மறுமுனையில் பிடித்து முறுக்கினாள். இரண்டு நாளாகச் சனிக்கிழமைக் கதையையும் மாமியார் இப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மூட்டையைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லுவாளாம். பெரிய ஜோசியக்காரி.”

“எத்தனை தடவை சரியாச் சொல்லியிருக்கேன்? பன்னெண்டாம் நம்பர்ல குழந்தை வரப்போகுதுன்னு முதல்ல சொன்னது யாரு?”

“அது வயிறு. இது வாழ்க்கை.”

அப்போது குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் மூட்டை. உள்ளே வந்தும் அதைக் கீழே வைக்கவில்லை.

“இங்க சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தது யாரு?”

மருமகள் போர்வையை விட்டாள். மாமியார் பக்கத்து முறுக்கு விடுபட்டு, தண்ணீர் இரண்டு பேர் காலிலும் தெறித்தது. மூட்டையில் தொங்குகிற தகட்டில் நாற்பத்தேழு.

“நான்தான். அம்மா, உங்க மனசு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லாம இருந்தா இன்னும்—”

“என்னத்தைச் சொன்னீங்க? யாருக்குச் சொன்னீங்க? அது என் அண்ணன்!”

மருமகள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“என் அண்ணன்ங்க. கூடப் பிறந்தவன். என் வீட்டுக்காரர் பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடியே வேற வீடு பார்த்துப் போயிட்டார். ரெண்டு வாரம் துணைக்கு இருக்கேன்னு வந்த அண்ணன் ஒம்பது வருஷமாப் போகலை. ராத்திரி டூட்டின்னா பிள்ளைக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்கிறது அவன். உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமாடான்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சி, நானே பேர் குடுத்து, நானே அந்த நீலச் சட்டையை எடுத்துக் குடுத்து அனுப்பினேன். அன்னைக்குத்தான் கண்ணாடி பார்த்துத் தலை வாரினான். போனவன் முக்கால் மணி நேரத்துல திரும்பி வந்து, சட்டையைக் கழட்டி மடிச்சு வச்சிட்டு, ‘இனிமே என்னை எங்கயும் அனுப்பாத’ன்னுட்டான். நடந்தது என்னன்னு ரொட்டிக்கடையில சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது.”

“அந்தப் படம்…” மருமகள் மூட்டையைப் பார்த்தாள். “ஏணியோட ஒரு ஆள்…”

“மாமா. அம்மா, மாமா, நான். பின்பக்கம் எழுதியிருந்தாளே, திருப்பிப் பார்க்கலையா?”

பார்க்கவில்லை. நீவத்தான் தெரிந்தது, திருப்பத் தோன்றவில்லை.

மாமியார் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நர்ஸின் கையிலிருந்து மூட்டையை வாங்கப் போனாள்.

“குடுக்க மாட்டேன்மா. இனிமே துணி இங்க வராது. இந்தத் தகட்டைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்.”

“தகட்டை அப்புறம் குடு. மூட்டையும் உன்கிட்டயே இருக்கட்டும். நீ உட்காரு. ராத்திரி டூட்டி முடிச்சிட்டுத் தூங்காம வர்றியா? கண்ணு உள்ள போயிருக்கு. ஒரு டீ குடி. திட்டுறதுன்னாலும் தெம்பா உட்கார்ந்து திட்டு. நானும் கூடச் சேர்ந்துக்கிறேன்.”

நர்ஸ் உட்கார்ந்தாள். மாமியார் டீயோடு இரண்டு ரொட்டித் துண்டும் முட்டையும் கொண்டுவந்தாள். அவள் பேருக்குப் பிகு செய்துவிட்டுச் சாப்பிட்டாள். இருவரும் மாறி மாறித் திட்டினார்கள். நானும் இப்படித்தான் கெஞ்சி அனுப்பினேன் என்று மாமியார் சொல்ல, நீங்களுமா என்று நர்ஸ் கேட்க, போய் வந்தவள் தொட்டியருகே குற்றவாளியாக நின்றாள்.

“நான் வீட்டுக்கு வந்து அவர்கிட்ட மன்னிப்பு கேக்கட்டுமா?” என்றாள்.

“வந்தா கதவைத் தாழ் போட்டுக்குவான்.”

“கடுதாசி எழுதட்டுமா?”

நர்ஸ் டீயின் கடைசி வாயைக் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க?”

“இருபது… இருபத்தஞ்சு பேர் இருக்கும்.”

“அத்தனை பேர் முன்னாடி மாத்திச் சொல்லுங்க. எங்க தெருவுல ரொட்டி வாங்கப் போனாக்கூட அவனை ஒரு மாதிரிப் பார்க்கிறாங்க. அவன் வருவானான்னு கேக்காதீங்க. அவன் வந்தாலும் வராட்டியும் நீங்க சொல்லணும்.”

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தகட்டைக் கழற்றிக் கொடுக்க மறந்தாளோ, மறந்த மாதிரி இருந்தாளோ, அது மூட்டையிலேயே போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை மாமியார் மூட்டைகளோடு திரும்பி வந்தபோது மருமகள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தேழு வரவில்லை. ஹோட்டல் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே பேசிப் பார்த்தாள்: ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று தொடங்குவதா, ‘போன தடவை’ என்று தொடங்குவதா? நடுவில் நிறுத்தியதில் ஒரு விரிப்பில் பெட்டி படிந்து பழுப்பேறியது. பதினெட்டு வருஷத்தில் அவள் கருக்கிய முதல் துணி. மாமியார் அதைப் பார்த்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமையும் மழை. மாமியார் கூடவே கிளம்பிவிட்டாள்.

“நீங்க எதுக்கு?”

“டீ ஊத்த ஆள் வேணும்னு விசில் சாரே சொல்லி அனுப்பினார். நீ மறுபடி யார் காலரையாவது பிடிச்சேன்னா தடுக்கவும் ஆள் வேணுமில்ல?”

அவர் வரவில்லை. மருமகள் எல்லா மேஜையையும் இரண்டு தரம் பார்த்தாள். அவளைப் பார்த்ததும் நாலைந்து பேர் தோளில் இடித்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் தன் சட்டைக் கையை மடித்து மறைத்துக்கொண்டார். அவள் நேராக விசில் சாரிடம் போய் மைக்கைக் கேட்டாள். அவர் முன்ஜாக்கிரதையாக விசிலை வாயில் வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

தயார் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“நான் சலவைக் கடை. போன தடவை இங்க ஒருத்தரைக் கேவலமாப் பேசினேன். நான் சொன்னது பொய். அவர் கல்யாணமே ஆகாதவர். தங்கச்சியையும் தங்கச்சி பிள்ளையையும் ஒம்பது வருஷமாப் பார்த்துக்கிறவர். மூட்டையை வச்சு நானா ஒரு குடும்பம் கட்டிக்கிட்டேன். கேட்டிருந்தா அரை நிமிஷம். ஏழு நிமிஷம் இருந்தும் நான் கேக்கலை. தப்பு என்னோடது. வெளிய யாராவது அவரைப் பத்திப் பேசினா, இதையும் சேர்த்துப் பேசுங்க.”

பிறகு கண்டக்டர் எழுந்து கேட்டார்: “ஏம்மா, இருபத்தொண்ணாம் நம்பர்ல என்ன படிச்சீங்க?”

“இனிமே படிக்கிறதில்லைன்னு வச்சிருக்கேன்.”

“இதுவரைக்கும் படிச்சதைச் சொல்லுங்க!”

“சொல்லாதீங்க!” என்றார் ரொட்டிக்கடைக்காரர் அவசரமாக. “அவர் நம்பர் இருபத்தொண்ணு, அடுத்தது என்னோடது!”

கூடம் சிரிப்பில் குலுங்கியது. டீ பாய்லர் பக்கத்திலிருந்து மாமியாரின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. பாட்டு போட்டார்கள். விசில் ஊதினார்கள். ஒரு ஆள் குறைவதால் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒரு பெண் எதிரில் ஆளில்லாமல் உட்கார வேண்டும். நாலாவது சுற்றில் அது மருமகளுக்கு வந்தது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது: நாற்காலி காலியாகக் கிடந்தால் அசிங்கம். அசிங்கமாக இல்லை. வருத்தமாக இருந்தது.

வாசலில் யாரோ குடையை உதறும் சத்தம். பாதி நனைந்து, கையில் கருவிப்பெட்டியோடு அவர் நின்றிருந்தார். “ஆஸ்பத்திரி லிப்ட் நின்னுபோச்சு சார்” என்றார் விசில் சாரிடம். “தங்கச்சிதான் முடிச்சிட்டு நேரா இங்க போன்னு… ஒரு பத்து நிமிஷம் தலையைக் காட்டிட்டு…”

அவரைச் சொல்லி முடிக்க விடவில்லை.

“அவங்க ஒத்துக்கிட்டாங்க சார்!” என்று கத்தினார் கண்டக்டர்.

“மைக்ல சொல்லியாச்சு!” “நீங்க மாமாதானாம்!” “எல்லாம் தெரியும், வாங்க, உட்காருங்க!”

ஆளாளுக்குப் பேச, அவர் திகைத்துப்போய் நின்றார். பிறகு காலியாக இருந்த ஒரே நாற்காலிக்கு வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

வேறு சட்டை. வீட்டில் துவைத்தது. காலர் ஒரு பக்கம் எழும்பி நின்றது. முதுகில் இஸ்திரி ஓடியதற்கு அடையாளமே இல்லை. முன்பக்கம் மட்டும் சின்னக் கை எதுவோ அவசரமாகத் தேய்த்த மாதிரி, கோணலாக ஒரு மடிப்பு. தோள்பட்டையில் பச்சை வண்ணம், பென்சிலா, சாயமா… அவள் கண்ணைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“என்ன, படிச்சாச்சா?” என்று கேட்டார் அவர். குரலில் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதோடு வேறு ஏதோவும் இருந்தது.

“இல்லைங்க.”

“ஒண்ணுமே தெரியலையா?”

“காலர் எழும்பி நிக்குது. அது மட்டும் தொழில் கோளாறு, விட முடியலை.”

அவர் கை காலருக்குப் போயிற்று. தடவிப் பார்த்து, சரிசெய்யாமல் விட்டுவிட்டார். உதட்டோரம் லேசாக அசைந்தது. டீ வந்தது. கொண்டுவந்த மாமியார் இரண்டு கோப்பையையும் வைத்துவிட்டு, அங்கே நிற்க ஒரு காரணம் தேடி, கிடைக்காமல், தன் முந்தானையால் சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

விசில் சார் கடிகாரத்தைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மருமகள் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். இரண்டு கையையும் மேஜை மேல் வைத்து, அவர் சட்டையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லுங்க. உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க?”